ஆறு மணிக் கட்டம்

மணி நாலுகூட ஆகவில்லை. ஒன்பதாம் கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையில், ஆறு மணிக் கட்டத்துக்குள் அதற்குள்ளேயே குறி விழுந்திருந்தது.

செண்பகம் அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் போடும் குறியேதான். காலமெல்லாம் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்துபோன கை. நாற்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வியில் எழுத்துப் பழகிய கை. கோடு மேலே ஏறும்போது நடுங்கி, நுனியில் கொக்கிபோல் வளையும். இதுவும் வளைந்திருந்தது. ஆனால் இதை அவள் போடவில்லை.

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகும் வழியில், பழைய மல்லாட்டைக் கிடங்கைத் தடுத்துக் கட்டிய முதியோர் இல்லம் அது. பன்னிரண்டு கட்டில். போன மாதம்வரை நாலு ஆயாக்கள். விழுப்புரத்தில் பத்து நாள் பயிற்சி முடித்துவந்த மேனேஜர் அப்பாதுரைதான் இந்த அட்டைகளைக் கொண்டுவந்தார். எழ முடியாதவர்களை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்றார். நியாயம்தான். வலம், இடம், மல்லாக்க என்று வரிசை வரிசையாகக் கட்டங்கள். அட்டை வந்த கையோடு மூன்று ஆயாக்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மிஞ்சியது செண்பகம் மட்டும்.

"ஒருத்தியா எப்டி சார் பன்னெண்டு பேரப் பொரட்டுறது?"

"நீ மொதல்ல குறியப் போட்டுக்கினு போம்மா. வேலை பின்னாடியே வந்துடும்."

வந்தது.

முன்கூட்டிக் குறி போட்டுவிட்டுக் கேப்பைக்கூழ் கிண்டப் போவாள். திரும்பி வந்தால் எல்லோரும் புரண்டு கிடப்பார்கள். சார் யாரையோ உதவிக்கு விட்டிருக்கிறார் என்று நினைத்தாள். அப்புறம்தான் அவர்கள் தோளில் விரல் தடங்களைக் கண்டாள். தொட்டால் சில்லென்று இருந்தது. அன்றோடு குறி போடுவதை நிறுத்திவிட்டாள். குறி நிற்கவில்லை.

இப்போது கட்டத்தின் வரிசையை விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். வலம் இல்லை. இடம் இல்லை. கடைசி வரிசை. க... ட்... டி... ல்...

கட்டில் காலி.

முந்தாநாள் மூன்றாம் கட்டில் ராயப்பனுக்கும் இதே வரிசையில்தான் விழுந்தது. மத்தியானம் கூழைக் குடித்துவிட்டு, "இன்னாடி, உப்பு உங்க ஊர்ல கெடைக்காதா?" என்று ஏசியவர், சாயங்காலம் குப்புறக் கிடந்தார். குப்புற என்று அட்டையில் கட்டமே கிடையாது.

ஒன்பதாம் கட்டிலில் பாஞ்சாலி. வாதம் விழுந்து விரல்கூட அசையாதவள். கண் மட்டும் செண்பகத்தையே பார்த்தது.

அப்பாதுரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"சார், இத நான் போடல. வந்து பாருங்க."

"யார் போட்டா இன்னா? அட்டை ரொம்பியிருக்குதுல்ல? வெள்ளிக்கெழம இன்ஸ்பெக்சன். பேஜாரு பண்ணாத. எனக்குப் பஸ் போயிடும்."

"அப்ப நானே பாத்துக்கிறேன் சார். நீங்க போங்க."

அவர் போனார். செண்பகம் பன்னிரண்டு அட்டைகளையும் அறுத்துக் கூழ் அடுப்பில் திணித்தாள். மை எரியும் நெடி கூடமெங்கும் பரவியது. சுவரில் எத்தனை சுண்ணாம்பு அடித்தும் போகாத பழைய மல்லாட்டைச் சிக்கு வாசனை அதோடு கலந்து தொண்டையை அடைத்தது. ஜன்னல் வெளிச்சம் தரையிலிருந்து மெல்ல ஏறிச் சுவருக்குப் போயிற்று.

அவள் பாஞ்சாலியின் பக்கத்தில் ஏறிப் படுத்தாள். ஒரு கையால் அவளை அணைத்து, மறு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. ஒன்னப் பொரட்டுறதுன்னா நான்தான் பொரட்டணும்." பிறகு கூடத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "வா. எவளா இருந்தாலும் வா!"

தூரத்தில் மில் சங்கு ஊதியது. ஆறு.

முதல் கட்டில் கிறீச்சிட்டது. இரண்டாவது. காலியான மூன்றாவதும்.

புரண்ட முகமெல்லாம் இந்தப் பக்கம். எல்லாக் கண்ணும் திறந்து.

ஏழாவது. எட்டாவது.

செண்பகத்தின் தோளில் ஏதோ இரண்டு தட்டுத் தட்டியது. மெதுவாக. புரட்டுவதற்கு முன்னால் அவள் எல்லோரையும் தட்டுவாளே, அதேபோல்.

"மாட்டேன்," என்றாள்.

முதுகுக்கடியில் குளிர் நுழைந்தது. உடம்பு பாதி எழும்பியது. கம்பி முனகியது. பிடியை விடவில்லை.

"போடி. மாட்டேன்!"

கம்பியில் அவளுடைய கை ஒன்று. பாஞ்சாலியின் தோளில் ஒன்று. அதன் மேல், விரலுக்கு விரல் சரியாகப் பொருந்தி, மூன்றாவதாக ஒரு கை. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது.