ஈரக்கட்டை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம், நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு தையல்காரியின் வீட்டுக்குள் நுழைந்த வாடையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

மழை நின்று பல நாளாகி, வெயில் சுள்ளென்று அடித்து, துவைத்த துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடந்த ஒரு மத்தியானத்தில், தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தவளின் மூக்கை ஈரமண்ணும் மட்கிய இலையும் கலந்த ஒரு வாடை லேசாக உரசிவிட்டுப் போனது. கட்டிலுக்கடியில் பார்த்தாள். பீரோவை நகர்த்திப் பார்த்தாள். மெத்தையைத் தூக்கி மாடி வெயிலில் போட்டாள். சாயங்காலம் புருஷன் பட்டறையிலிருந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, "என்னடி, வீட்டையே புரட்டிப் போட்டிருக்கே?" என்று கேட்டபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

வாடை அவன் வாயிலிருந்து வந்தது.

அவன் கடைசல்காரன். ஆற்றோரம் பாதி புதைந்து கிடக்கும் பழைய மரங்களை வாங்கிவந்து, பிளந்து, கிண்ணமும் விளக்குத்தண்டுமாகக் கடைந்து விற்பவன். கட்டையைப் பிளந்ததும் அந்த ஈரப் பிளவுக்குள் முகத்தைப் புதைத்து ஆழமாக ஒரு மூச்சு இழுப்பான். உள்ளே உளுத்துவிட்டதா, உரம் மிச்சமிருக்கிறதா என்பதை மூக்குதான் அவனுக்குச் சொல்லும்.

"ஊரே பூவை மோந்து பாக்குது, எங்க மாமா மட்டும் பொணக்கட்டையை மோந்து பாக்குறாரு" என்பான் வேன் ஓட்டும் அவள் தம்பி.

"உன் வேன்ல அடிக்கிற பெட்ரோல் நாத்தத்துக்கு இது பரவாயில்ல, போடா" என்பான் புருஷன்.

அப்போது எல்லோருக்கும் சிரிப்புதான்.

பிறகு இருமல் வந்தது. நனைந்த மூட்டையைத் தரையில் இழுப்பது போன்ற இருமல். அது ஓய்ந்த பின்னும் அவன் நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல ஊர்ந்து இடம் மாறிப் படுப்பது போல ஒரு சரசரப்பு அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் கன்னத்தில் மருவைப் போல ஒன்று கிளம்பி, நடுவில் உடைந்து, ஓரம் தடித்து, பட்டமரத்தில் காளான் விளிம்பு கட்டுவதைப் போல நிதானமாக அகன்றது. இளைத்துக்கொண்டே போனான்.

தெருமுனை டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். மரவேலை என்றார்கள். "அப்ப தூசிதான் ஒத்துக்கல" என்று மூச்சிரைப்புக்கு மாத்திரை எழுதினார்.

அதைச் சாப்பிட்டதும் அவனுக்குப் பசி வந்தது. முகம் தெளிந்தது. "பாத்தியா, கட்டை இன்னும் வைரம் பாஞ்சுதான் இருக்கு" என்று மார்பைத் தட்டிக் காட்டினான். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் வாடை குறையவில்லை. தலையணையில், சோற்றில், அவள் தைத்த துணியில். ஒரு பெண் புது ரவிக்கையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, பூஞ்சை பூத்த மாதிரி வாடை வருது."

கொஞ்ச நாளில் கடைசல் இயந்திரத்தின் மேலேயே அவன் சரிந்து விழுந்தான். தம்பிதான் வேனில் அள்ளிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

அங்கே ஒரு டாக்டரம்மா சளியைச் சோதித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இது பூஞ்சைம்மா. மட்கின மரத்துல இருக்கும். மூச்சு வழியா நுரையீரலுக்குள்ள போயிருக்கு. நெறைய பேர் இதை நிமோனியா, காசம்னு நெனச்சு ஏமாந்துடுவாங்க. மூச்சிரைப்புக்குக் குடுத்த அந்த ஸ்டீராய்டு மாத்திரை வேற உடம்போட காவலைத் தூங்க வெச்சுடுச்சு. எலும்பு வரைக்கும் பரவிடுச்சு."

"பொழைப்பாருல்ல?"

"மருந்து ஏத்துறோம். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்."

அவள் டாக்டரம்மாவின் கோட்டுத் துணியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "மூச்சு மட்டும் நிக்காம பாத்துக்கங்க. வேற ஒண்ணும் கேக்கல. எப்படியாவது, எதுவாவது பண்ணி, மூச்சு மட்டும் ஓடட்டும்."

கட்டிலருகே உட்கார்ந்தாள். அவன் முகத்தில் பிராணவாயு முகமூடி. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் உட்பக்கம் வெள்ளையாகப் பனி படிந்தது, கலைந்தது. "பாருக்கா, நல்லாத்தான் மூச்சு விடுறாரு" என்றான் தம்பி. அந்தப் பனியையே பிடித்துக்கொண்டு அவள் தொங்கினாள். வெளியே வெளிச்சம் மங்கியது. மருந்து சொட்டியது. பனி படிந்தது. கலைந்தது.

அவன் கையைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

ஏதோ ஒரு கருவி நீளமாகக் கத்தியது. நர்ஸ் ஓடிவந்தாள். பின்னாலேயே டாக்டரம்மா. அமுக்கினார்கள். ஊசி போட்டார்கள். மறுபடி அமுக்கினார்கள். நெடுநேரம். பிறகு டாக்டரம்மா அவன் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"போயிட்டாரும்மா."

பிராணவாயுக் குழாயை மூடினார்கள். முகமூடியை எடுக்க நர்ஸ் கை நீட்டினாள்.

கை பாதியில் நின்றது.

அவன் நெஞ்சு அசையவில்லை. கண் இமைக்கவில்லை.

முகமூடிக்குள் பனி படிந்தது.

கலைந்தது.

மறுபடி படிந்தது. நிதானமாக. ஆழமாக.

போதும், கண்ணுகளா. கையை விடாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன். உங்கள் வீட்டு ஜன்னல்களில் நல்ல காற்று வரட்டும். பெரியவர்களும் குஞ்சு குளுவான்களும் நெடுங்காலம் சுகமாக மூச்சு விடட்டும். அந்த மூச்சு கடைசிவரை அவரவருடையதாகவே இருக்கட்டும்.