மஞ்சள் கோட்டைத் தாண்டி

தேநீர் குடித்துவிட்டு ஃபெர்கஸ் திரும்பி வந்தபோது, விரிசலின் முனையில் அவன் இழுத்துவிட்டுப் போன மஞ்சள் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, விரிசல் இரண்டு விரல் தூரம் போயிருந்தது.

கைதான் தவறியிருக்கும் என்று நினைத்தான். வடகடலின் நடுவே நிற்கும் எண்ணெய் மேடையின் கால் ஒன்றுக்குள், கடல்மட்டத்துக்குச் சற்று மேலே, துருவும் டீசலும் நாறும் இருட்டில், தலைவிளக்கின் வட்டத்துக்குள் குனிந்து, காலைச் சுற்றி ஓடும் வெல்டிங்கின் மேல் மின்காந்தப் புரோப்பை மறுபடி மெல்ல நகர்த்தினான். பெயின்டைச் சுரண்டாமலே இரும்பின் மேல்தோலில் உள்ள வெடிப்பைக் காட்டும் அந்தக் கருவியின் திரையில், முனை வந்ததும் அடங்க வேண்டிய கோடு அடங்காமல் துள்ளிக்கொண்டே போனது.

மேலே திறப்பின் வாயில் காவலிருந்த டூகல் குனிந்து கத்தினான்.

"என்னடா, உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா? சூப்பு ஆறுது!"

"அஞ்சு நிமிசம்டா."

"போன வருசம் இதே இரும்புக் காலை அரை மணியில முடிச்சியே, மகராசா!"

போன வருடம் புயல் வருகிறது, இதுதான் கடைசி ஹெலிகாப்டர் என்று அவசரப்படுத்தினார்கள். வெல்டிங்கின் பின்பாதியில் ஃபெர்கஸ் புரோப்பை வைக்கவே இல்லை. முன்பாதியின் அளவுகளையே அங்கும் எழுதி, குறையில்லை என்று கையெழுத்திட்டான்.

மேலே எழுபத்திரண்டு பேர்.

எங்காவது முடிந்துவிடு. முடிந்தால் போதும், பழுது பார்த்துவிடலாம். ஒருவருக்கும் தெரிய வேண்டாம். விரிசலிடம் கெஞ்சிக்கொண்டே பின்பாதிக்கு நகர்ந்தான். அலை வெளியே மோதும்போதெல்லாம் இரும்பு அடிவயிற்றிலிருந்து முனகியது. கோடு போட்டான். விரிசல் தாண்டியது. இன்னொன்று போட்டான். அதையும் தாண்டியது.

இங்கே. இல்லை. இங்கே.

சாக்பீஸ் ஒடிந்தது.

எதிரே ஒரு மஞ்சள் கோடு. பக்கத்தில் இன்றைய தேதி. அவன் கையெழுத்து. காலையில் முதன்முதலாகப் போட்டது.

விரிசலோடு முழுதாகச் சுற்றி வந்திருந்தான்.

"டூகல்! எல்லாரையும் படகுல ஏத்துடா! இப்பவே!"

"சூப்பு அவ்வளவு மோசமில்லடா!"

"போன வருசம் நான் பின்பக்கம் பாக்கவே இல்லடா! பொய் எழுதிட்டேன்!"

மேலே சிரிப்பு நின்றது.

தலைவிளக்கு மினுங்கியது. அணைந்தது.

இருட்டில், அவனைச் சுற்றி, மயிரிழை அகலத்தில் பகல் வெளிச்சம். ஒரு முழு வளையம்.

அலை மோதியது. வளையம் திறந்தது. மூடியது.

மறுபடி திறந்தது.

மூடவில்லை.