குடிக்காதீங்க, இளவரசி!

லான்ஷினின் அம்மா இதுவரை எத்தனை தடவை செத்திருக்கிறார் என்று கேட்டால், அவருக்கே தெரியாது.

அம்பு பட்டுச் செத்திருக்கிறார். வெள்ளத்தில் போயிருக்கிறார். ஒரு தடவை கொள்ளைநோய் வந்த கிராமத்தில், கேமரா உள்ளே வருவதற்கு முன்பே செத்துக் கிடந்தார். அவர்கள் ஊரில் மலையடிவாரம் முழுக்கப் பொய்க் கோட்டைகளும் அட்டை அரண்மனைகளும்தான். சரித்திர நாடகங்கள் எடுக்கிற ஊர். காலையில் பல் தேய்த்துவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் ஒரு பேரரசர் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார்.

அங்கே யாரும் "செத்துட்டா" என்று சொல்ல மாட்டார்கள். "சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிட்டா" என்பார்கள். செத்தவருக்கு அதோடு வேலை முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"இன்னைக்குச் சீக்கிரமே பொட்டலம் வாங்கிட்டேன்டி" என்று அம்மா சிரித்துக்கொண்டே வருவார். இரண்டு பேரும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதிப்பாதி சாப்பிடுவார்கள்.

அப்படிப்பட்ட அம்மாவுக்குத்தான் போன வருஷம் ஒரு நிஜமான வேஷம் கிடைத்தது. 'வெண்கொக்கு மாளிகை' என்ற நாடகத்தில் பணிப்பெண் பிங்யூ. பெயர் இருந்தது. வசனம் இருந்தது. இளவரசி யுன்ஹேயைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவள், எதிரிகளோடு சேர்ந்துகொண்டு அவளுக்கே தேநீரில் விஷம் கலந்து கொடுப்பாள். அதுதான் வேஷம்.

அந்த ஒரு காட்சிக்காக அம்மா வீட்டில் தினமும் தேநீர் ஊற்றிப் பார்த்தார். லான்ஷின் குடித்துக் குடித்து, பாதி ராத்திரி எழுந்து பாத்ரூமுக்கு ஓடினாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. கடைசி நேரத்துல என் சீனை வெட்டினாலும் வெட்டிடுவாங்க" என்றார் அம்மா.

லான்ஷின் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். ஜிங்வென்னிடம். முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

காட்சியை யாரும் வெட்டவில்லை. அது ஒளிபரப்பான மறுநாள் ஐந்தாம் வகுப்பில் வேறு பேச்சே இல்லை.

"அந்தப் பிங்யூ இருக்காளே, அவளைக் கிணத்துல தள்ளணும்!"

"என் அக்கா அழுது அழுது மூக்கு தக்காளி மாதிரி ஆயிடுச்சு."

"அந்தத் தளபதி என்னடா பண்ணிக்கிட்டு இருந்தாரு? அவருக்கு இளவரசியைப் பிடிக்குமாம். ஆனா ஆரம்பத்துலேர்ந்து 'குளிருதா?'ன்னு மட்டும்தான் கேக்கறாரு!"

ஜிங்வென்னுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பிங்யூ யாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும்! நம்ம லான்ஷினோட அம்மா!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"அடிப்பாவி! விஷக்காரி மகளா நீ?" என்றான் காங். "டேய், இவ தண்ணி பாட்டிலை யாரும் தொடாதீங்கடா!"

எல்லோரும் சிரித்தார்கள். லான்ஷின் ஜிங்வென்னைப் பார்த்தாள். ஜிங்வென் தன் ஷூவைப் பார்த்தாள். பிறகு, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

அந்தக் கொஞ்சம் சிரிப்புதான் லான்ஷினுக்கு ரொம்ப வலித்தது.

சந்தையிலும் அதே கதைதான். பாவ்ஸி என்கிற, பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பன் விற்கும் லுவோ அத்தையின் கடையில் மூங்கில் தட்டுகளிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"பன்றிக்கறி பாவ்ஸி நாலு குடுங்க அத்தை" என்றார் அம்மா.

"தீந்துபோச்சு" என்றார் லுவோ அத்தை. தட்டு நிறைய பாவ்ஸி இருந்தது.

"இதோ இருக்கே?"

"நல்ல மனுஷங்களுக்கு இருக்கு. பெத்த பொண்ணு மாதிரி இருந்தவளுக்கு விஷம் வெச்சவங்களுக்கு இல்ல!"

இதே லுவோ அத்தைதான் காலையில் பேரரசர் வேஷம் போடுகிறவருக்கு ஒட்டுத்தாடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், சூப்பில் நனையாமல் இருக்க. தாடி பொய் என்று அவருக்குத் தெரியும். கோட்டை அட்டை என்று தெரியும். விஷம் மட்டும் எப்படி நிஜமாகப் போயிற்றோ! இளவரசி வேஷம் போட்டவளோடு படம் எடுத்துக்கொள்ள ஊரே வரிசையில் நிற்கிறது. அந்த இளவரசியை இளவரசியாகத் தெரிய வைத்தவளுக்கு ஒரு பாவ்ஸி கிடையாது.

அம்மா சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். லான்ஷினுக்குத்தான் காது மடல் எரிந்தது.

அந்த வாரம் யான் டீச்சர் வகுப்புக்கு வந்து, "குழந்தைகள் தினத்துக்கு நாம என்ன பண்ணலாம்?" என்று கேட்டார்.

"வெண்கொக்கு மாளிகை!" என்று வகுப்பு அலறியது. "விஷ சீன்!"

இளவரசிக்குப் பதினோரு பேர் கை தூக்கினார்கள். ஓட்டெடுப்பில் ஜிங்வென் ஜெயித்தாள். காங் தளபதி. பிங்யூவுக்கு யாரும் கை தூக்கவில்லை.

"அதான் லான்ஷின் இருக்காளே டீச்சர்! குடும்பத் தொழில்!" என்றான் காங்.

"வாயை மூடு காங்" என்றார் டீச்சர். "லான்ஷின், உனக்கு இஷ்டமா? இல்லேன்னா வேற சீன் எடுத்துக்கலாம்."

வேண்டாம் என்று சொல்ல லான்ஷின் வாயைத் திறந்தாள். அப்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கூட்டத்தைப் பார்த்தால் ஜிங்வென்னுக்கு எல்லாம் மறந்துபோகும். ஒவ்வொரு வருஷமும் கவிதைப் போட்டியில் பக்கத்தில் நின்று அடுத்த வரியை முணுமுணுத்துக் காப்பாற்றுவது லான்ஷின்தான்.

இந்தத் தடவை முணுமுணுக்கப் போவதில்லை. அவ்வளவுதான். மேடையில் அவள் திருதிருவென முழிக்கட்டும். பள்ளிக்கூடமே சிரிக்கட்டும். நாடகங்களில் பழிவாங்க முப்பது எபிசோட் ஆகும். லான்ஷினுக்கு ஒரு நிமிஷம் போதும்.

"எனக்கு இஷ்டம் டீச்சர்" என்றாள்.

குழந்தைகள் தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா?"

"துணை இயக்குநர் ஜுவோ. அடுத்த நாடகத்துல பெரிய வேஷமாம். கடைசி எபிசோட் வரைக்கும் வருவேனாம். பொட்டலமே கிடையாது."

"ஐயோ! நெஜமாவா?"

"நெஜந்தான். சித்தி வேஷம். பிங்யூவைவிட மோசமானவ." அம்மா நிறுத்தினார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். முடியாதுன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்?"

"சந்தையில என்னைத் திட்டினா சிரிச்சுட்டுப் போயிடுவேன்டி. ஸ்கூல்ல உன்னை என்ன சொல்றாங்கன்னு கேள்விப்பட்டேன். அது என்னால முடியல. நான் பழையபடி கூட்டத்துல நின்னு செத்துட்டு வந்துடறேன்."

முதலில் லான்ஷினுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிணமாக நடிக்கும்போதுகூட அந்த முகம் இப்படி உயிரில்லாமல் இருந்ததில்லை.

"நடிங்கம்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"நேத்து நீ தலையணையை நனைச்சது எனக்குத் தெரியாதா? பேசாம சாப்பிடு."

லான்ஷின் நூடுல்ஸ் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளி அரங்கில் உட்கார இடமில்லை. முன்வரிசை முழுக்க முதல் வகுப்புப் பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு சிவப்பு பலூனோடு. பின்னால் அப்பா அம்மாக்கள். நடுவில் லுவோ அத்தை. அவருடைய பேத்தி முதல் வகுப்பு. கடைசி வரிசையில், கதவோரமாக, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா.

திரை விலகியது. ஜிங்வென் இளவரசியாக உட்கார்ந்திருந்தாள். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கத்தை வைத்துச் செய்த வெள்ளிக் கிரீடம் தலையில் பளபளத்தது. லான்ஷின் தட்டில் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததுமே பெரியவர்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"இளவரசி, தேநீர்" என்றாள் லான்ஷின்.

இப்போது ஜிங்வென் பேச வேண்டும். பேசவில்லை.

அவள் கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். வாய் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. எங்கோ ஒரு பலூன் கீச்சென்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இதோ, லான்ஷின் காத்திருந்த நிமிஷம். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

அப்போது ஜிங்வென்னின் கையைப் பார்த்தாள். கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுக்கிப் பிடித்திருந்தாள். பல் டாக்டரிடம் போனபோதும் அப்படித்தான் பிடித்திருந்தாள். அவளுடைய நாய்க்குட்டி தொலைந்துபோன அன்றும் அப்படித்தான். இந்த அரங்கத்தில் இருக்கிற எத்தனையோ பேரில், அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது லான்ஷினுக்கு மட்டும்தான்.

ச்சே, என்று நினைத்தாள். இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு எப்படி சும்மா நிற்பது?

தட்டைக் கீழே வைத்தாள். மண்டியிட்டு, ஜிங்வென்னின் கையை எடுத்து, மடங்கிய விரலை மெதுவாகப் பிரித்துவிட்டாள். இதெல்லாம் நாடகத்தில் இல்லவே இல்லை.

"கை இப்படிச் சில்லுனு இருக்கே, இளவரசி" என்றாள். "பயப்படாதீங்க. நான்தான் பக்கத்துல இருக்கேனே. சின்ன வயசுல இடி இடிச்சா என் போர்வைக்குள்ளதானே வந்து ஒளிஞ்சுக்குவீங்க?"

ஜிங்வென் அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அது நடிப்பில்லை.

"தினமும் ஒண்ணு சொல்வீங்களே" என்றாள் லான்ஷின், இன்னும் மெதுவாக. "இந்த அரண்மனையில..."

"இந்த அரண்மனையில..." ஜிங்வென்னுக்குக் குரல் திரும்பியது. "இந்த அரண்மனையில நான் நம்பறது உன்னை மட்டும்தான், பிங்யூ!"

லான்ஷின் புன்னகைத்தாள். கிண்ணத்தை எடுத்து, சூடு பார்க்க ஊதி, அவள் கையில் கொடுத்தாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இவ்வளவு அன்பாகப் பேசுகிறவள் கொடுப்பது விஷம்!

முன்வரிசையில் ஒரு பொடியன் எழுந்து நின்றான். "குடிக்காதீங்க, இளவரசி!"

"குடிக்காதீங்க! குடிக்காதீங்க!" முதல் வகுப்பு மொத்தமும் எழுந்துவிட்டது. பலூன்கள் பறந்தன. இரண்டு வெடித்தன.

"ஏய், வேணாம்டீ! அவ உன்னை ஏமாத்தறா!" என்று பெரியவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் கிளம்பியது. லுவோ அத்தை நாற்காலியை விட்டு எழுந்து, கைப்பையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஜிங்வென் குடித்தாள். பிரமாதமாக விழுந்தாள். கிரீடம் உருண்டு போனது. காங் அட்டை வாளோடு ஓடி வந்தான். மனப்பாடம் செய்த வசனம் எல்லாம் அந்தக் கூச்சலில் பறந்துவிட்டது. கீழே கிடந்தவளைக் குனிந்து பார்த்து, "இளவரசி... குளிருதா?" என்றான்.

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. பிறகு கைதட்டல். திரையை மூடியும் அது நிற்கவில்லை.

திரைக்குப் பின்னால் ஜிங்வென் எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ சொல்லித் தர மாட்டேன்னு நினைச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது லான்ஷின். மகா கேவலம்."

"ஆமா, கேவலம்தான்" என்றாள் லான்ஷின். "எழுந்திரு, என் பாவாடை மேல உக்காந்திருக்க."

வெளியே வந்ததும் லுவோ அத்தை விரலை நீட்டிக்கொண்டு நேராக லான்ஷினிடம் வந்தார். "ஏண்டி, இவ்வளவு பாசமாப் பேசிட்டு அந்தப் பொண்ணுக்கு விஷத்தைக் குடுக்க உனக்கு எப்படிடி மனசு வந்தது? அப்படியே உன்..."

பாதியில் நின்றுவிட்டார். விரல் அந்தரத்திலேயே இருந்தது.

"அது ஆரஞ்சு ஜூஸ் அத்தை" என்றாள் லான்ஷின். "மிச்சம் இருக்கு. வேணுமா?"

லுவோ அத்தையின் முகம் தாமரை நிறத்துக்கு வந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவோரம் நின்ற தொப்பியைப் பார்த்து, "அந்தத் தொப்பியைக் கழட்டும்மா!" என்று கத்தினார். "யார்கிட்ட ஒளியற? ரெண்டு பேருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க. எவ்வளவு நல்லா நடிச்சிருந்தா நான் அவ்வளவு திட்டியிருப்பேன்!"

அம்மா தொப்பியைக் கழற்றினார். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோருமே தட்டினார்கள், இந்தத் தடவை அம்மாவுக்காக. காங் கூட அட்டை வாளைத் தூக்கி வணக்கம் வைத்தான்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லான்ஷினைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"ஸ்கூலே உன்னைத் திட்டுச்சே. எப்படி இருந்தது?"

லான்ஷின் யோசித்தாள். "சூப்பரா இருந்ததும்மா" என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்."

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்தார். பொழுது இன்னும் சாயவில்லை.

"ஜுவோ சார்? அந்தச் சித்தி வேஷம்... ஆமா சார். யோசிச்சுட்டேன்."

மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். அம்மா நிமிர்ந்து நின்றார். ஒரு புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறியது. குரல் தேன் மாதிரி இறங்கி வந்தது.

"நாளைக்கே வர்றேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில், மறுமுனையில் இருந்தவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்திருப்பார்.