நொதிக்கலத்தில் கவுச்சி

புதிதாக வாங்கிய கொழுப்புமானி முதல் நாளே சிவப்பு விளக்கைப் போட்டது. ‘எண்ணெயில் மீன் கொழுப்பு’ என்று திரையில் எழுத்து ஓடியது. வாசலில் ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்டிய இருபத்து நான்கு வீட்டுக் குடியிருப்பு அது. அரை மணியில் செய்தி பரவிவிட்டது.

அங்கே கடை எண்ணெய்க்கு வேலையில்லை. எல்லா வீட்டுச் சமையல் கழிவும் மொட்டைமாடி நொதிக்கலத்துக்குப் போகும். அதில் வளரும் ஈஸ்ட் தின்று கொழுக்கும், பிழிந்தால் எண்ணெய். ஆனால் ஈஸ்ட்டுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. சர்க்கரை போட்டால் ஒரு கொழுப்பு, தேங்காய் போட்டால் வேறொன்று என்று தின்றதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

“வேற யாரு? மூணாம் மாடிதான். காலி பண்ணச் சொல்லணும்,” என்றார் செயலாளர் சபேசன். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த ஜெசிந்தாவுக்கு ஊர் தூத்துக்குடி. அவருக்கு அந்தச் சாட்சியமே போதும்.

“இது தவக்காலம் சார். கவுச்சி தொட்டு ஒரு மாசமாச்சு,” என்றாள் ஜெசிந்தா. “அதுக்கு முன்னாடியே உங்க எண்ணெயில வாடை வந்துச்சு, அதையும் நிறுத்திட்டு வெளிய செக்கெண்ணெய் வாங்குறேன். பரீட்சை நேரத்துல பிள்ளையக் கூட்டிட்டு நான் எங்க போவேன்?”

“தெரிஞ்சுதானே நிறுத்தியிருக்கீங்க?” என்றார் அவர். அவள் கண் கலங்கியதும் அவருக்கு நடிப்பாகவே பட்டது.

மனித உடம்பும் ஈஸ்ட் மாதிரிதான். தின்றதைச் சில வாரம் சேர்த்து வைக்கும். ஒரு சொட்டு ரத்தம் போதும், கொழுப்புமானி சொல்லிவிடும். எவர் ரத்தத்தில் மீன் கொழுப்பு இருந்தாலும் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சபேசனே தீர்மானம் எழுதினார். கைதட்டலோடு நிறைவேறியது.

முதலில் ஜெசிந்தா விரலை நீட்டினாள். பச்சை. சபேசனின் முகம் தொங்கிப்போனது.

அடுத்த வீடு சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. மீதி இருபத்து மூன்று வீடுகளும் சிவப்பு! மாதக்கணக்கில் அந்த எண்ணெயில்தானே எல்லாரும் வடை சுட்டார்கள்? மீன் தின்றவரையும் அந்த வடை தின்றவரையும் பிரித்துப் பார்க்க எந்திரத்துக்குத் தெரியாது. எல்லாரையும்விட அதிகம் காட்டியது போண்டாப் பிரியர் சபேசனுக்குத்தான்.

“எண்ணெயாலதான் வனஜா, சத்தியமா!” என்று மனைவியிடம் பதறினார்.

வனஜா தன் அளவையும் அவர் அளவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அதே எண்ணெயத்தான் நானும் சாப்பிடறேன். எனக்கு இதுல பாதிகூட இல்லையே,” என்றாள். “தினமும் வாக்கிங்னு போயிட்டு வந்து, கையில பொட்டலத்தோட நேரா மொட்டைமாடிக்கு எதுக்கு ஏறுறீங்க?”