டீச்சர் தம்பி பேசறேன்

தையல்காரம்மா காவல் நிலையத்துக்குள் வந்தபோது கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் கழற்ற மறந்திருந்தார்.

"புகார் கொடுக்க வரல சார். என் மேல புகார் வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்."

ஆய்வாளர் நாற்காலியைக் காட்டினார். விடுமுறைக் காலத்தில் பூட்டிய வீட்டுத் திருட்டு இதோடு ஐந்து. அவருடைய சொந்த விடுப்பு நான்காவது வருஷமாக ரத்தாகியிருந்தது. அவர் மனைவி இப்போதெல்லாம் எங்கே போகலாம் என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார். அந்தக் கேள்வி வராததுதான் அவருக்கு அதிகக் களைப்பைத் தந்தது.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு டீச்சரும் கணவரும் எட்டு நாள் வெளியூர் போனார்கள். சாவி தையல்காரம்மாவிடம் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு போன். "டீச்சர் தம்பி பேசறேன். எங்க அக்கா வீட்டுல குழாய் உடைஞ்சு தண்ணி ஓடுதாம். ஆள் அனுப்பறேன், சாவியைக் கொடுங்க." ஆள் வந்தான், அரை மணியில் சாவியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான். நேற்று டீச்சர் வந்து பார்த்தால் அலமாரியில் நகை இல்லை. பூட்டு உடையவில்லை.

"வந்தவன் எப்படி இருந்தான்?"

"தொப்பி, மாஸ்க். நான் மெஷினை விட்டு நிமிரவே இல்ல சார். கையை மட்டும் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் மெழுகு மாதிரி வெள்ளையா ஒட்டிக் கிடந்துச்சு. துணியில படுமேன்னு சாவியை ஸ்கேலால தள்ளி விட்டேன்." குரல் இறங்கியது. "டீச்சர் வாசல்ல நின்னு என்னைத் திருடின்னாங்க. சாயங்காலத்துக்குள்ள பதினோரு பேர் துணியைத் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாங்க. வெட்டி வச்ச துணியைக்கூட. இந்த சீசன்ல தைச்சாத்தான் எனக்கு வருஷம் ஓடும்."

நிலையத்தில் 'மின்னல்' என்று பெயரெடுத்த பெண் தலைமைக் காவலர் அதற்குள் போன் எண்ணை விசாரித்து முடித்திருந்தார். அழைப்பு வந்தது உண்மை. ஆனால் அது யாரோ தொலைத்த போன், இப்போது அணைந்து கிடக்கிறது.

"இந்தம்மாவோட கூட்டாளியே பேசியிருக்கலாம் சார். இல்லன்னா அந்தத் தம்பியே திருடியிருக்கலாம். ரெண்டு பேரையும் தூக்கிடலாமா?"

"முதல்ல வீட்டைப் பாக்கலாம்மா."

டீச்சர் வீட்டில் அந்தத் தம்பியும் இருந்தார். கணவரின் உடன்பிறப்பு. மின்னல் அவரை ஏற இறங்கப் பார்த்ததும் மனிதர் வெளிறிப்போனார். "நான் யாருக்கும் போன் பண்ணல சார். அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"தம்பி அப்படிப்பட்டவர் இல்ல," என்றார் டீச்சர். "வெளியூர் போறதை வெளியில சொல்லாதீங்கன்னு நீங்க கொடுத்த நோட்டீசைப் படிச்சுட்டுத்தான் கிளம்பினேன். ஊருக்குப் போறதைத் தம்பியைத் தவிர யார்கிட்டயும் சொல்லல. சாவி இருந்த இடமும் அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"அவர்கிட்ட நேர்ல சொன்னீங்களா, போன்லயா?"

"போன்ல."

"எங்க நின்னுக்கிட்டு?"

டீச்சர் யோசித்தார். "பெட்டி ரிப்பேர் கடையில. ஜிப் மாத்தக் கொடுத்துட்டு நின்னேன். தையல்காரக்காகிட்ட சாவி இருக்குன்னு சொன்னது அங்கதான்."

ஆய்வாளர் எழுந்தார். முழங்கால் சடசடத்தது. "வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்."

கடை முழுக்கப் பெட்டிகளும் பைகளும் தொங்கின. ரிப்பேர்காரர் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை ஜிப்பின் பல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேங்க. பாவம்."

"வெளியாள் வேலை மாதிரி தெரியல," என்றார் ஆய்வாளர், கொட்டாவியை அடக்கியபடி. "சொந்தக்காரங்க யாரையாவது சந்தேகப்படணும்."

"அதையேதான் நானும் நெனச்சேன் சார். டீச்சரோட கூடப்பிறந்த தம்பி ஒருத்தர் இருக்காரே, அவரை விசாரிச்சீங்களா?"

டீச்சர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமே இல்லையே. நான் ஒத்தைப் பிள்ளை."

மெழுகு தேய்த்த கை நின்றது. மின்னலுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ரிப்பேர்காரரின் கண் போன பின்வரிசையில் தொங்கிய கிழிந்த தோள்பையைக் கவிழ்த்தார். டீச்சரின் நகையோடு மற்ற நான்கு வீட்டு நகைகளும் விழுந்தன.

ரிப்பேர்காரரை நிலையத்துக்கு அனுப்பிவிட்டுத் தையல்காரம்மாவின் அறையில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஆய்வாளர் சொன்னார். "டீச்சர் கொழுந்தனைத் தம்பின்னு கூப்பிடறாங்க. அவர் இவங்களை அண்ணின்னு கூப்பிடறார். போன்ல ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டுக் கேட்டவனுக்குத் தம்பிதான் காதுல விழும், அண்ணி விழாது. அதான் 'எங்க அக்கா வீடு'ன்னுட்டான். இவர் பேசியிருந்தா அண்ணின்னுதான் வாயில வந்திருக்கும்."

"அந்த போனே இந்தம்மா கட்டின கதையா இருக்கலாம்னு உங்களுக்கு ஏன் சார் தோணல?" மின்னல் விடவில்லை.

"வருஷக்கணக்கா பக்கத்து வீட்டுல இருந்து அண்ணி, அண்ணின்னு கேட்டவங்க, கதை கட்டினா சரியாக் கட்டியிருப்பாங்க. பொய்தான்மா எப்பவும் பிசிறில்லாம இருக்கும். அப்புறம், ஜிப் ரிப்பேருக்கு வர்றவங்க எல்லாருமே ஊருக்குப் போறவங்கதானே. எப்போ வேணும்னு கேட்டா கிளம்புற தேதி தெரியும். ரசீதுல வீட்டு விலாசம், இந்தம்மா போர்டுல போன் நம்பர். அவன் தேடி அலையவே வேண்டாம்."

"அக்காங்கறாரேன்னு எனக்கும் நெருடுச்சு சார்," என்றார் தையல்காரம்மா. "மெஷின் சத்தத்துல குரலும் பிடிபடல. தண்ணி ஓடுதுன்னதும் டீச்சர் வீடு நாசமாயிடுமேன்னு பதறிட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது ஆய்வாளருக்குப் புதிதல்ல. திருடன் ஒரு காலை நேரத்தில் அகப்பட்டுவிடுவான். ஊர் வாயை மூடத்தான் உலை மூடி கிடைக்காது. காலியாகக் கிடந்த துணி அலமாரியைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

டீச்சர் தையல்காரம்மாவின் அருகே போய்த் தணிந்த குரலில் சொன்னார். "அக்கா, தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீங்க நெனச்சது கூடப் பரவாயில்ல டீச்சர். திருடின்னு வாசல்ல நின்னு சத்தமா சொன்னீங்க. மன்னிப்பை மட்டும் ஏன் உள்ள வந்து மெதுவா கேக்கறீங்க?"

மின்னல் நோட்டை மூடிவிட்டார். டீச்சர் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.