குழி விழுந்த கேக்

யசோதினி பொய் சொல்வதில் கெட்டிக்காரி இல்லை. முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பாருங்கள், அந்த ஒரு பொய் மட்டும் அவளுக்கு அம்சமாக அமைந்துவிட்டது.

அண்ணன் ஜீவன் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது, தன் பெரிய கேம் கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். ஒருநாள் யசோதினி ஒரு வீடியோ பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டு ஓடவிட்டால் போதுமாம். அது ஓயாமல் கணக்குப் போட்டு, 'கிரிப்டோ' என்ற நாணயத்தைச் சம்பாதித்துத் தருமாம். அந்த நாணயம் கைக்கு வராது, திரையில்தான் இருக்கும். இதற்குப் பெயர் மைனிங், அதாவது தோண்டுவது.

மண்வெட்டி இல்லாமலே தோண்டலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? யசோதினியின் மனதுக்குள் ஒரு சிவப்பு சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. அன்றைக்கே தோண்டத் தொடங்கிவிட்டாள்.

கம்ப்யூட்டர் 'உர்ர்ர்' என்று இரைந்தது. அறை அடுப்படி மாதிரிச் சுட்டது. அம்மா கலாராணி எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, மேடு ஏறுற பஸ் மாதிரி சத்தம்?"

"அப்டேட் ஆகுதும்மா. நிப்பாட்டினா பழுதாயிரும்."

அம்மா நம்பிவிட்டார்.

குண்டசாலையில் அவர்கள் வீட்டோடு ஒட்டி ஒரு சின்ன அனெக்ஸ் இருந்தது. அதில் வாடகைக்கு இருந்த றம்லத் ஆன்ட்டி கேக் செய்து விற்பவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே கரண்ட் லைன்தான். இத்தனை காலமும் ஒரு தொல்லையும் இல்லை. இந்த வாரம் மட்டும் ஆன்ட்டி ஓவனைப் போட்ட கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று ட்ரிப் சுவிட்ச் விழுந்து, இரண்டு வீட்டிலும் கரண்ட் போனது. மறுநாளும் டொக்.

ஓவனைத் திருத்தக் கொடுத்தால் நல்லது என்று அம்மா சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் ஆன்ட்டியின் முகம் சுருங்கிவிட்டது. யசோதினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக ஓடும்போதுதான் டொக். கம்ப்யூட்டர் நின்றிருந்தால் ஓவன் பாட்டுக்கு வேலை செய்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சைக்கிள் ஆசை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் டொக். சற்று நேரத்தில் றம்லத் ஆன்ட்டி ஒரு தட்டோடு வாசலில் நின்றார். தட்டில் ஒரு சின்ன கேக். நடுவில் பெரிய குழி.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமைதானே மகள், உங்களுக்கெண்டு முட்டை போடாமத்தான் செஞ்சேன். பாதியில கரண்ட் போய் அமுங்கி ஈக்கி. என்ட ஓவனால உங்க கம்ப்யூட்டரும் நிண்டு நிண்டு போகுதுதானே. நாளைக்கு ஒரு பேர்த்டே கேக் ஓடர் ஈக்கி. அதையும் வேணாமெண்டு சொல்லத்தான் போறேன்."

யசோதினியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டார்கள் என்பதைக்கூட ஆன்ட்டி மறக்கவில்லை. இவளோ அவர் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். ஒரு வாரமாகத் தோண்டியது வேறெங்கும் இல்லை, இந்தக் கேக்கில்தான்.

உள்ளே ஓடிப்போய் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். இனி டொக் வராது, யாருக்கும் தெரியவும் வராது. ஆனால் ஓவன் மேல் விழுந்த பழி அப்படியே கிடக்குமே. காது சுட, கண்ணைத் தரையில் நட்டபடி வாசலுக்குத் திரும்பினாள். அம்மாவும் அங்கே வந்திருந்தார்.

"ஆன்ட்டி, உங்க ஓவன் பழுதில்ல. என் கம்ப்யூட்டர்தான் கரண்டை இழுத்துச்சு. அப்டேட்டுன்னு அம்மாகிட்ட சொன்னது பொய்."

மிச்சக் கதையையும் சொல்லி முடித்தாள். அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் திட்டவில்லை. றம்லத் ஆன்ட்டியின் கையைப் பிடித்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். தன் பொய்க்கு அம்மா தலை குனிவதைப் பார்த்ததும் யசோதினிக்கு அழுகை வந்துவிட்டது.

ஆன்ட்டி தட்டை அவள் கையில் வைத்தார். "சரி மகள், தோண்டித் தோண்டி என்ன கெடச்சது?"

"புள்ளிக்குப் பின்னால நிறையப் பூச்சியம். கடைசியில ஒரு ரெண்டு."

"ஒரு டொபி வாங்க ஏலுமா?"

"டொபி சுத்துற தாள்கூட வராது ஆன்ட்டி."

ஆன்ட்டி சிரித்துவிட்டார். பேர்த்டே கேக்கை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மறுநாள் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் காவல்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள் யசோதினி. கேக் மெல்ல மெல்ல மேலே வந்தது. நடுவில் குழி இல்லை.

"அங்க என்னடி நடக்குது, சத்தத்தையே காணோம்?" என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மா கேட்டார்.

"கேக் எழும்புதும்மா," என்றாள் யசோதினி. பிறகு கொஞ்சம் யோசித்து, "நெசமாத்தான்ம்மா," என்றாள்.