சக்கரத்துக்கு மேலே ஒரு ஊதாச் சில்லு

இடுப்பு வலி கஸ்தோனைக் கொன்றெடுத்தது.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். மூன்று வருஷத்துக்கு முன் விபத்தில் நொறுங்கி, கம்பி வைத்துச் சேர்த்த இடுப்பு. தரை ஈரம் பட்டால் போதும்... கடப்பாரை போட்டு நெம்பும்.

மேலே நின்றது பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். கிழம்தான், பாய்ச்சல் குறையாத கிழம். சொந்தக்காரர் சொக்கலிங்கம், சைகோனில் முந்திரி வியாபாரம். அதற்கு எலக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர் வேண்டுமாம். போனில் ஒரு தட்டு தட்டினால் மெத்தை. இன்னொரு தட்டுக்குக் கருங்கல்.

"ஒயரை வெளியவே கட்டி விட்டுடு. சக்கரத்துக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் உறையைக் கழட்டாத" என்றிருந்தார் ஒர்க்‌ஷாப் முதலாளி மார்செல்.

கஸ்தோனுக்கு அரைகுறை வேலை ஆகாது. கழட்டினான்.

பொத்தென்று மார்பில் விழுந்தது உடைந்த பிளாஸ்டிக் சில்லு ஒன்று.

ஊதா நிறம். அதில் பாதி கிழிந்த வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர்... தமிழ் எழுத்தோடு!

சைகோனில் எத்தனையோ லட்சம் ஸ்கூட்டர். தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிய ஊதா ஸ்கூட்டர் ஒன்றே ஒன்று. ஒட்டியவன் அவன். விபத்தன்றைக்கு ஓட்டியவனும் அவன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி ரோசாலி.

இடித்த கார் நிற்கவேயில்லை. அவன் பிழைத்தான். அவள்...

சில்லைப் பையில் போட்டுக்கொண்டு மீதி வேலையை முடித்தான்.

மறுநாள் சைகோனுக்கு வெளியே, கு சி என்ற ஊருக்குப் போகும் சாலையில் வெள்ளோட்டம். பக்கத்தில் சொக்கலிங்கம். கஸ்தோன் ஷாக்கைக் கருங்கல்லாக்கி, பள்ளம் பார்த்துப் பார்த்து இறக்கினான்.

"ஏப்பா... கொடலு வாய்க்கு வருது."

சில்லை அவர் மடியில் எறிந்தான். "முன்சக்கரத்துல ஒரு போல்ட் முறுக்கல. இது யாருதுன்னு சொல்லுங்க, நிறுத்தறேன்."

சொக்கலிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டார். தான் காரை வாங்கியே ஆறு மாசம்தான் என்று கும்பிட்டார். விற்றவர் அதை வருஷக்கணக்கில் படுதா போட்டு மூடியே வைத்திருந்தாராம். முன்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட்டாம்.

"வித்தது யாரு?"

"ஒங்க மார்செல்தான்யா!"

பிரேக் கிறீச்சிட்டது.

மார்செல்... முன்பின் தெரியாமலே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவர். நம்ம காரைக்கால் பிள்ளை என்று செலவு முழுக்கக் கட்டியவர். வேலை போட்டுக் கொடுத்தவர்.

உறையைக் கழட்டாதே என்றவர்.

போல்ட் எல்லாம் முறுக்கியாச்சு, சும்மா சொன்னேன் என்று கஸ்தோன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். சொக்கலிங்கம் நம்பவில்லை. காரை விட்டு இறங்கி டாக்சி பிடித்து ஓடினார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியவன் முகத்தில் சிரிப்பு.

"ஒரு ரவுண்டு வாங்கண்ணே. மெத்தை மாதிரி போவுது."

மார்செல் ஏறினார். பெல்ட் போட்டார். கதவுகள் பூட்டிக்கொண்டன.

ரோசாலி விழுந்த பாலம் எதிரே தெரிந்தபோது, கஸ்தோன் ஊதாச் சில்லை அவர் முன்னால் வைத்தான்.

மார்செல் முகம் சுண்ணாம்பானது. "கஸ்தோன்... மாதா சத்தியமா, இடிச்சதே எனக்குத் தெரியலடா."

"இன்னைக்கும் தெரியாதுண்ணே. புது ஷாக்கு."

வேகமுள் எகிறியது.

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு மூணு வருஷம் ஒழைச்சுக் கழிச்சிட்டேன். ரோசாலி உயிரு ஒண்ணுதான் பாக்கி."